சொல்லிக்கொடுத்த சொல்

அத்தியாயம் பதினொன்று

காரின் பின் இருக்கையில் பூனை தன் ஷூ நாடாவை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக வந்தாள். பத்து வயதுப் பெண். அவள் நடந்தால் சத்தமே கேட்காது என்று அப்பா ஆசையாக வைத்த பெயர் அது. பள்ளிக்கூடத்தைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் அதுவே நிலைத்துவிட்டது.

முன் இருக்கையில் அவள் அம்மா. ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ், வீட்டில் சில்லு. சின்ன வயதில் அண்ணன் ஓட்டிய சைக்கிளிலிருந்து விழுந்ததில் முன்பல்லில் ஒரு சில்லு பெயர்ந்துவிட்டது. பல்லும் அப்படியே இருக்கிறது, பெயரும் அப்படியே இருக்கிறது.

இப்போது காரை ஓட்டுவதும் அந்த அண்ணன்தான். அன்று கீழே போட்ட பாவத்துக்கு ஆயுசு முழுக்கப் பரிகாரம் செய்கிறவர் மாதிரி தங்கையைத் தாங்கினார். தங்கள் அப்பா இறந்த பிறகு அவளைப் படிக்க வைத்தார், கட்டிக்கொடுத்தார், கட்டிக்கொடுத்த இடம் கசந்தபோது மாடியைக் காலி செய்து உட்கார வைத்தார். விவாகரத்து வழக்கில் அவளுடைய வக்கீலும் அவரே. கோர்ட் வட்டாரத்தில் அவருக்கு 'இடி' என்று பெயர். அவர் எழுந்து நின்றால் எதிர்த்தரப்புச் சாட்சிக்குத் தண்ணீர் தேவைப்படும்.

கணவன் லிப்ட் மெக்கானிக். கூட வேலை பார்த்தவன் இறந்துபோக, அவன் மனைவிக்கு ஒத்தாசை செய்யப் போனவன் அங்கேயே தங்கிவிட்டான். அந்தச் சேதி தெரிந்த அன்றே சில்லு வீட்டைப் பூட்டிவிட்டு மகளோடு அண்ணன் வீட்டு மாடிக்கு வந்துவிட்டாள். பிரிவதில் இருவருக்கும் தகராறு இல்லை. தகராறெல்லாம் பூனையைப் பற்றித்தான். அவள் யாரிடம் இருப்பது, மற்றவர் எப்போது பார்ப்பது? நீதிபதி இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு, முதலில் சமரச மையத்தில் உட்கார்ந்து பேசுங்கள் என்று அனுப்பினார். போன அமர்வு கைகலப்பில் முடியாமல் போனதே புண்ணியம். இன்று இரண்டாவது அமர்வு.

"சில்லு, உள்ள போனா நீ வாயைத் திறக்காதே. எல்லாம் நான் பாத்துக்கிறேன்" என்றார் அண்ணன்.

"போன தடவையே அந்த மத்தியஸ்தர் சொன்னாரேண்ணா. வக்கீல்கள் பேசறதுக்கு கோர்ட் இருக்கு, இங்க நாங்கதான் பேசணும்னு."

"அவர் சொல்லுவாரு. பேசி, நெகிழ்ந்து, கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்கு வந்து அழறது யாரு? ஆபரேஷன் நடக்கும்போது நோயாளியா பேசறான்?"

"மயக்கம் குடுத்துட்டா பேச மாட்டான்."

"அதான். நீ மயக்கத்துல இரு."

சில்லு சிரித்தாள். பல நாளாகச் சிரிக்காத வாய், உதடு வலித்தது. பின்னால் பூனை சிரிக்கவில்லை. அவள் உதடுகள் மட்டும் ஓசையில்லாமல் அசைந்துகொண்டிருந்தன. பள்ளிக்கூடத்தில் ஏதோ ஒப்பிக்கச் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்து சில்லு முன்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சமரச மையம் ஒரு பழைய அலுவலகக் கட்டடத்தின் மேல்மாடியில் இருந்தது. லிப்ட் ஏறும்போது முனகியது, நிற்கும்போது ஒரு உலுக்கு உலுக்கியது. கதவு திறந்ததும் எதிரே கணவன் நின்றிருந்தான். அவர்களுக்காக அல்ல, லிப்டின் முனகலைக் கேட்டு வந்து நின்றிருந்தான். சாவு வீட்டுக்குப் போனாலும் அங்கே லிப்ட் இருந்தால் அதன் கதவில் காதை வைக்கிற ஜென்மம் அது.

"கயிறு தேஞ்சிருக்கு. இறங்கறப்ப படியில இறங்குங்க" என்றான் பொதுவாக.

பிறகு குனிந்து, "பூனை" என்றான்.

போன மாதம்வரை அந்தக் குரல் கேட்டால் ஓடிப்போய்த் தோளில் தொங்குகிறவள், இன்று நகரவில்லை. முதலில் மாமாவின் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் தரையைப் பார்த்தாள். கணவன் நீட்டிய கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டான்.

அவனுடைய வக்கீல் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். நரைத்த தலை, கால் வலிக்காக ரப்பர் செருப்பு. போன தடவை அந்த வக்கீலம்மா மொத்தமாகப் பேசியதே நாலைந்து வாக்கியம்தான். "இவளை வெச்சுக்கிட்டு அந்த ஆளு என்ன பண்ணப் போறான்" என்று அண்ணன் கேலி செய்திருந்தார். ஒரு காலத்தில் 'மாப்பிள்ளை, மாப்பிள்ளை' என்று வாய் நிறையக் கூப்பிட்டவருக்கு இப்போது அவன் 'அந்த ஆளு'.

*

மத்தியஸ்தர் ஓய்வு பெற்ற நீதிபதி. அன்று அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. பேச்சு காற்றாகத்தான் வந்தது. அவர் சொல்வதைக் கேட்க எல்லாருமே மேசைமேல் குனிய வேண்டியிருந்ததால், பார்க்கிறவர்களுக்கு ரொம்ப ஒற்றுமையான குடும்பம் போலத் தெரிந்திருக்கும்.

அண்ணன் மட்டும் குனியவில்லை.

"ஐயா, சுத்தி வளைக்காம சொல்றேன். வீட்டை விட்டு ஓடினவருக்குப் பிள்ளை மேல என்ன உரிமை? எங்க கட்சிக்காரர் நல்ல வேலையில இருக்காங்க. பிள்ளை பத்திரமா இருக்கா. இவரு புது வீடு, புது ஆளுன்னு போயிட்டாரு. அங்க ஒரு பெண்பிள்ளையை எப்படி..."

"வக்கீல் சார்" என்று மத்தியஸ்தர் கையை உயர்த்தினார். "இங்க யாரு ஜெயிச்சாங்கன்னு நான் எழுதப் போறதில்ல. நீங்க எனக்குச் சொல்லாதீங்க. உங்க தங்கச்சி காதுல சொல்லுங்க. எதை ஒத்துக்கலாம், எதை ஒத்துக்கக் கூடாது, ஒத்துக்கிட்டா நாளைக்கு என்ன ஆகும். அதுக்குத்தான் உங்களை உள்ள விட்டிருக்கேன். எதிர்ல இருக்கறவரை அடிக்கறதுக்கு இல்ல."

அண்ணனின் கழுத்து நரம்பு புடைத்தது. அவர் பேச்சை இப்படிப் பாதியில் நிறுத்தியவர்கள் குறைவு.

"சரி, பிள்ளையையே கேளுங்க" என்றார். "அவ வாயால கேட்டா உங்களுக்கே தெரியும்."

பூனையிடம் மத்தியஸ்தர் தனியாகப் பேசலாம் என்று போன தடவையே இரு தரப்பும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். அவர் எழுந்து, பூனையை உட்கார வைத்திருந்த பக்கத்துப் பொம்மை அறைக்குப் போனார். கதவு சாத்தப்பட்டது.

மேசையைச் சுற்றி நாலு பேர் மிஞ்சினார்கள். கணவன் நகத்திலிருந்த கிரீஸ் கறையைச் சுரண்டினான். அந்தக் கறை எந்தச் சோப்புக்கும் போகாது என்று சில்லுவுக்குத் தெரியும். எத்தனை வருடம் அதே கறையை அவன் சட்டைகளில் துவைத்திருக்கிறாள். அவன் சட்டை இஸ்திரி போடப்பட்டிருந்தது. போட்டது யார் என்று நினைத்ததும் பார்வையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மத்தியஸ்தர் திரும்பி வந்தபோது அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. உட்கார்ந்து, கொஞ்சம் வெந்நீர் குடித்தார்.

"அவ சொன்னதை உங்ககிட்ட சொல்லலாமான்னு அவகிட்டயே கேட்டேன். சரின்னா. அவ வார்த்தையிலேயே சொல்றேன்" என்றார். "'எனக்கு அப்பா வீட்டுக்குப் போனா மன உளைச்சல் ஏற்படுது. அப்பாவைப் பார்த்தா பயமா இருக்கு. நான் அவரைச் சந்திக்க விரும்பலை. இது என் சொந்த விருப்பம். யாரும் என்னை வற்புறுத்தலை.'"



சில்லு கணவனைப் பார்த்தாள். அவன் அழவில்லை, கத்தவில்லை. மேலேயிருந்து ஏதோ கனமான சாமான் தலையில் விழுந்தவன் மாதிரி, வலி இன்னும் வந்து சேராத ஒரு முகம். தியேட்டரில் அவள் அப்படிப்பட்ட முகங்களைப் பார்த்திருக்கிறாள். அவளுக்கு ஒரு நொடி இனித்தது. பொய் சொல்லி என்ன? தேன் மாதிரி இனித்தது. அடுத்த நொடியே நாக்கில் கசந்தது.

"பயமா?" என்றான் அவன். "என்னைப் பார்த்தா?"

அவன் பக்கத்து அறையின் மூடிய கதவைப் பார்த்தான்.

"அப்ப சரி. நான் வரலை. பயப்படற பிள்ளையை இழுத்துட்டுப் போய் வெச்சுக்கிட்டு என்ன பண்றது. முழுசா அவங்கம்மாகிட்டயே இருக்கட்டும். பார்க்கறதும் வேணாம், லீவுக்குக் கூட்டிட்டுப் போறதும் வேணாம். எழுதுங்க சார். கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடறேன்."

அண்ணன் பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டார்.

"எழுத வேணாம்" என்றாள் வக்கீலம்மா.

"நான்தான் சொல்றேனே மேடம்."

"நீங்க சொல்றீங்க. இன்னைக்கு உங்களைக் கையெழுத்துப் போட நான் விட மாட்டேன்."

"நீங்க எனக்கு வக்கீலா, அவங்களுக்கு வக்கீலா?" அவன் குரல் முதல்முறையாக உயர்ந்தது.

"உங்களுக்குத்தான். அதனாலதான் சொல்றேன். அறுந்த கயித்தைப் பிடிச்சுக்கிட்டு யாராவது லிப்ட்டை இறக்குவாங்களா? வெளிய வாங்க. டீ குடிங்க. நாளைக்கும் இதே மாதிரி தோணிச்சுன்னா நானே எழுதித் தரேன்."

மத்தியஸ்தர் தலையசைத்து இடைவேளை விட்டார்.

"பிடிச்சு இழுத்துட்டுப் போறா பாரு" என்று அண்ணன் சில்லுவின் காதில் கிசுகிசுத்தார். "பரவாயில்ல. மீன் மாட்டிடுச்சு. இனி துள்ளினா என்ன, துள்ளாட்டி என்ன."

*

பொம்மை அறையில் பூனை ஒரு குட்டி நாற்காலியில் உட்கார்ந்து, தலையில்லாத ஒரு பொம்மைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். சில்லு தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. ரத்தத்தைக் கண்டு கை நடுங்காதவளுக்கு இப்போது நாக்கு நடுங்கியது.

"அப்பா ஏதாச்சும் திட்டினாராடா? அடிச்சாரா?"

பூனை இல்லை என்று தலையாட்டினாள்.

"அந்த... அந்த ஆன்ட்டி ஏதாவது சொன்னாங்களா?"

"இல்லை. அவங்க எனக்குக் கணக்குச் சொல்லித் தந்தாங்க. எனக்குப் பிடிக்கலை. ஆனா கெட்டவங்க இல்லம்மா."

"அப்புறம் ஏன் பயமா இருக்குன்னு சொன்னே?"

பூனை பொம்மையின் பித்தானைப் போட்டு முடித்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அம்மா, மன உளைச்சல்னா என்ன?"



"யாருடா அந்த வார்த்தையைச் சொல்லித் தந்தா?"

"மாமாதான். அவர் ஆபீஸ்ல. அத்தை கடைக்குப் போனப்ப. அப்படிச் சொன்னா இது சீக்கிரம் முடிஞ்சிடுமாம். அப்புறம் நீ பாத்ரூம்ல தண்ணியைத் திறந்துவிட்டுக்கிட்டு அழ மாட்டியாம்." அவள் அம்மாவின் முகத்தைப் பார்த்துத் தயங்கினாள். "நான் ஒரு எழுத்துகூட விடாமத்தான் சொன்னேன். அந்தத் தாத்தா, அப்பாவைப் பத்தி உனக்குப் பிடிச்சது ஏதாவது சொல்லுன்னு கேட்டாரு. அதுக்கு மாமா ஒண்ணும் சொல்லித் தரலை. அதனால சும்மா இருந்துட்டேன்."

சில்லு மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். பத்து வயதுப் பிள்ளை மடிக்குள் அடங்கவில்லை. கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அழக் கூடாது, அழுதால் தான் சொன்னது பலிக்கவில்லை என்று பிள்ளை நினைக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

*

அண்ணன் மாடிப்படியில் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார்.

"பூனைக்கு என்ன சொல்லிக்கொடுத்தீங்க?"

அவர் மறைக்கவில்லை. அது அவரிடம் உள்ள நல்ல குணமா, கெட்ட குணமா என்று சில்லுவுக்குத் தெரியவில்லை.

"அடிச்சேனா? மிரட்டினேனா? என்ன பேசணும்னு சொன்னேன். சாட்சியைத் தயார் பண்றது வக்கீல் வேலை."

"அவ சாட்சி இல்லண்ணா. பூனை."

"கோர்ட்டுக்கு வந்துட்டா எல்லாரும் சாட்சிதான்."

"இது கோர்ட்டு இல்ல. பேசித் தீர்த்துக்கலாம்னு வந்த இடம். அதுவும் அப்பா அப்பான்னு உசுரை விடற பிள்ளை வாயில..."

"சில்லு." அவர் சிகரெட்டைக் கீழே போட்டுக் காலால் நசுக்கினார். "இதே மாதிரி படியில உக்காந்துதான் சொன்னே. எங்க வீட்டு மாடிப்படியில. 'அவனுக்கு வலிக்கணும்ணா. நான் படற வேதனை அவனுக்கும் தெரியணும்'னு. சொன்னியா இல்லையா?"

அவள் நசுங்கிய சிகரெட்டைப் பார்த்தாள்.

"எத்தனையோ பேருக்கு வழக்கு நடத்தறேன். யாருக்காகவும் இவ்வளவு கீழ இறங்கினதில்ல. நீ கேட்டே, செஞ்சேன். உள்ள அவன் மூஞ்சியைப் பாத்தியா? வலிச்சுதா இல்லையா?"

வலித்தது. பார்த்தாள். இனித்ததும் அவளுக்குத்தான்.

"நான் போய் உண்மையைச் சொல்லப் போறேன்."

அண்ணனின் குரல் தாழ்ந்தது. இடி ஓய்ந்து, பழைய அண்ணன் பேசினார்.

"சொன்னா என்ன ஆகும் தெரியுமா? பிள்ளை மனசைக் கெடுக்கற வீடுன்னு பேர் வரும். நீ தெரியாதுன்னா யாரு நம்புவா? நீ இருக்கறதே என் வீட்டு மாடியில. அந்தக் கிழவி சும்மா இருப்பாளா? பூனை அவன் கைக்குப் போயிடும். தினம் காலையில அந்தப் பொம்பளை உன் பிள்ளைக்குத் தலை சீவி விடுவா. உன்னால தாங்க முடியுமா? நான் வக்கீலாச் சொல்லலைடி. அண்ணனாச் சொல்றேன்."

"அதுதாண்ணா இங்க தப்பாப் போச்சு. வக்கீலும் அண்ணனும் ஒரே வாயில பேசறாங்க. என் கோபத்தைக் கேட்டா, வக்கீல் 'வேணாம், பொறு'ன்னு சொல்லியிருக்கணும். அண்ணனுக்கு என்னைவிடக் கோபம். யாரு தடுக்கறது?"

அவர் இன்னொரு சிகரெட்டை எடுத்தார்.

"நீங்க உள்ள வராதீங்க."

"என்னை வேணாங்கறியா?"

"வக்கீலா வேணாம்."

"அண்ணனா?"

வேணும் என்று சொல்ல வாய் வரவில்லை. வேணாம் என்று சொல்லவும் வரவில்லை. அவர் கொஞ்ச நேரம் அவள் முகத்தையே, உடைந்த அந்தப் பல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி. என் தலையீடு வேணாம்னா எதுலயும் வேணாம், மாடியும் சேத்துத்தான். யோசிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். கீழே கார் கதவு அறைந்து சாத்தப்படும் சத்தம் அந்த மாடிவரை கேட்டது.

*

மறுபடி உட்கார்ந்தபோது சில்லுவின் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. வக்கீலம்மா அதை ஒரு பார்வை பார்த்தாள்.

"உங்க வக்கீல்?" என்றார் மத்தியஸ்தர்.

"போயிட்டாரு. நான் போகச் சொல்லிட்டேன்." சில்லு கைகளை மேசைமேல் வைத்துக்கொண்டாள். "என் பொண்ணு உங்ககிட்ட சொன்னது அவ சொன்னது இல்லை சார். அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது. மன உளைச்சல்னா என்னன்னுகூட அவளுக்குத் தெரியலை. அப்பாவைப் பார்த்து அவளுக்குப் பயம் கிடையாது. அவர் அவளை ஒரு நாளும் அடிச்சதில்லை. என்னை ஏமாத்தினாரு. அவளை ஏமாத்தலை."

மத்தியஸ்தர் கண்ணை மூடித் திறந்தார். அவருக்கு இது புதிதல்ல போலும்.

கணவன் முகம் மலர்ந்துவிடும் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். ஒரு நன்றியாவது, ஒரு பெருமூச்சாவது. அவன் அவளை வெறித்துப் பார்த்தான்.

"சொல்லிக்கொடுத்தது யாரு? உங்கண்ணனா, நீயா?"

"அண்ணன்தான். எனக்கு இப்பத்தான்..."

"உனக்குத் தெரியாது?"

"தெரியாது."

"ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு?"

அவள் வாயைத் திறந்தாள். காரில் அசைந்த அந்தச் சின்ன உதடுகள் நினைவுக்கு வந்தன. பார்த்தாளே. பார்த்துவிட்டுத்தானே திரும்பிக்கொண்டாள். தெரியாது என்பது நிஜம். தெரிந்துகொள்ளப் பார்க்கவில்லை என்பதும் நிஜம்.

அவள் தயங்கியதே அவனுக்குப் போதுமாக இருந்தது.

"வெளிய நின்னு டீ குடிச்சேன், தெரியுமா? டம்ளர் கையில நிக்கலை. அவ பொறந்தப்போ தூக்கின கையி இது. இதைப் பார்த்தா பிள்ளைக்குப் பயம்னு நம்பிட்டேன். நான் என்ன பண்ணேன், என்னைக்குப் பண்ணேன்னு என் தலையை நானே உடைச்சுக்கிட்டேன். விட்டிருந்தா கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருப்பேன். அவளும் பெரியவளாகி, எங்கப்பன் என்னை வேணாம்னு எழுதிக் குடுத்துட்டான்னு நினைச்சிருப்பா." அவன் மத்தியஸ்தர் பக்கம் திரும்பினான். "பூனை என்கூட வரட்டும் சார். இன்னைக்கே. அந்த வீட்டுல என் பிள்ளையை இனி ஒரு நாள்கூட விட மாட்டேன்."

 அண்ணன் சொன்னது எழுத்துப் பிசகாமல் நடந்துகொண்டிருந்தது. உண்மை பேசினால் பாரம் இறங்கும் என்று யார் சொன்னது? இறங்கிய பாரம் நேராகக் காலில்தான் விழுகிறது.

"பூனையை எடுத்துக்கங்க" என்று ஏதோ ஒரு குரல் கேட்டது. தன் குரல்தான் என்று அப்புறம்தான் புரிந்தது. "எனக்குத் தெம்பில்லை. எதுல கையெழுத்துப் போடணும்னு சொல்லுங்க."

"இப்ப நீங்களா?" என்றாள் வக்கீலம்மா. சலிப்பும் இரக்கமும் கலந்த குரல். "கொஞ்ச நேரம் முன்னாடி அவரு. இப்ப நீங்க. ஆளுக்கொரு தடவை கிணத்துல குதிக்கறீங்க."

"மேடம், அவதான் ஒத்துக்கறாளே" என்றான் கணவன்.

"தம்பி, கொஞ்சம் சும்மா இருங்க." அவள் சில்லுவைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள். "நான் உங்க வக்கீல் இல்லம்மா. உங்களுக்கு யோசனை சொல்ல எனக்கு உரிமை இல்லை. பூனை இவர்கிட்ட வரணும்னு நாளைக்கு நானே உங்களை எதிர்த்துப் பேசுவேன், நல்லாவே பேசுவேன். ஆனா பக்கத்து நாற்காலி காலியா இருக்கறப்ப உங்ககிட்ட எதையும் எழுதி வாங்க மாட்டேன். இந்த நிலைமையில வாங்கற கையெழுத்து நிக்காது. ஆறு மாசத்துல திரும்ப இதே மேசைக்கு வருவீங்க. அப்ப அந்தப் பிள்ளைக்குப் பதினொரு வயசு. இன்னும் நல்லா ஒப்பிக்கும்."

மத்தியஸ்தர் வெந்நீர் டம்ளரைத் தள்ளி வைத்தார்.

"இங்க பேசினதை யாரும் வெளிய கொண்டுபோக முடியாது, கோர்ட்டுக்கும்தான். அது ஒண்ணுதான் இந்த ரூமுக்கு உள்ள மரியாதை" என்றார். "அடுத்த வாரம் வாங்க. அம்மா, நீங்க ஒரு வக்கீலோட வாங்க. சொந்தக்காரரா இல்லாத வக்கீல். அதுவரைக்கும் பிள்ளை உங்ககூடத்தான். ஆனா அண்ணன் வீட்டுல வேணாம்னு இவர் கேக்கறதுல நியாயம் இருக்கு. நீங்க என்ன சொல்றீங்க?"

"எப்படியும் நான் இனி அங்க போக முடியாது சார்" என்றாள் சில்லு.

கணவன் எதையோ சொல்ல வந்தான். வக்கீலம்மா அவன் கையைத் தொட்டுக் காதில் ஏதோ சொன்னாள். நீளமாகச் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். கடைசியில் தலையை மட்டும் ஆட்டினான். என்ன சொன்னாள், எதற்கு ஆட்டினான் என்று சில்லுவுக்குத் தெரியவில்லை. அவள் காதில் சொல்ல ஆள் இல்லை.

வெளியே வரும்போது அவள் வக்கீலம்மாவை நிறுத்தினாள். "யாராவது நல்ல வக்கீலா நீங்களே ஒருத்தரைச் சொல்லுங்களேன்."

"சொல்லக் கூடாதும்மா. நான் காட்டற ஆளு உங்க ஆளா, என் ஆளான்னு நாளைக்கே உங்களுக்குச் சந்தேகம் வரும். இங்க மையத்து ஆபீஸ்ல கேளுங்க, அவங்க ஏற்பாடு பண்ணுவாங்க." ரப்பர் செருப்பை இழுத்துக்கொண்டு இரண்டடி போனவள் நின்றாள். "யாரா இருந்தாலும் சரி, நீங்க கோபமாச் சொன்னதை அப்படியே எழுதிக்கிற ஆளை மட்டும் வெக்காதீங்க."

*

பஸ் நிறுத்தத்தில் வெயில் சுள்ளென்று அடித்தது. எதிர்ப்பக்கம் அண்ணனின் கார் இன்னும் நின்றிருந்தது. கண்ணாடி ஏற்றியிருந்தது, உள்ளே இருப்பவர் இவர்களைப் பார்க்கிறாரா என்று தெரியவில்லை. சில்லு அங்கே போகவும் இல்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. ஆஸ்பத்திரியில் கூட வேலை பார்க்கிற ஒருத்திக்குப் போன் போட்டு, கொஞ்ச நாளைக்கு ஒரு மூலை கிடைக்குமா என்று கேட்டிருந்தாள். "வா" என்று மட்டும் சொல்லியிருந்தாள் அவள்.

பூனை அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மாமா கார்ல போகலையா?"

"இல்லடா."

"நான் சொன்னது தப்பாயிடுச்சா?"

"நீ ஒண்ணும் தப்புப் பண்ணலை. பெரியவங்கதான் பண்ணோம்."

பூனை அதை நம்பினாளா என்று முகத்தில் தெரியவில்லை. தூரத்தில் பஸ் வருவதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "அடுத்த வாரம் அந்தத் தாத்தாகிட்ட என்ன சொல்லணும்?"

"உன் மனசுல என்ன இருக்கோ அதைச் சொல்லு. யாரும் எதுவும் சொல்லித் தர மாட்டோம்."

"நிஜமாவா?"

"நிஜமா."

பூனை ஷூ நுனியால் தரையைத் தேய்த்தாள்.

"எனக்கு அப்பா மேல கோபம். உன் மேலயும் கோபம். ரெண்டு பேர் மேலயும் ரொம்பக் கோபம்மா. அதைச் சொல்லலாமா?"

சில்லு அவள் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள். "சொல்லலாம்" என்றாள்.

பஸ் வந்து நின்றது. கதவு திறந்தது. பூனை ஏறாமல் படியருகிலேயே நின்று அம்மாவை அண்ணாந்து பார்த்தாள்.

"அதைச் சொன்னா என்னை யாருகிட்ட விடுவாங்க?"